நாற்பத்திரண்டாவது மரம்

செல்போன் கத்தியது!

காட்டு அளவை அலுவலகத்தின் மூன்றாம் மாடி. திரை முன்னால் இருந்தவளை ஆபீசே 'லேசர் அக்கா' என்றுதான் கூப்பிடும். விமானத்திலிருந்து காட்டின் மேல் லேசர் பாய்ச்சி, மரங்களின் உயரத்தையும் எடையையும் கணக்கிடுவது அவள் வேலை. அதே மரங்களைக் காட்டுக்குள் நேரில் போய் அளப்பது அவள் புருஷன் வேலை.

"ஹலோ..."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க வீட்டுக்காரர் எங்க ஸ்டேஷன்ல இருக்கார்மா."

"ஐயோ! ஆக்சிடென்ட்டா சார்?"

"கொலை! அவர் நல்லாத்தான் இருக்கார். செத்தது காட்டு வாட்சர். ஓடைக்கரையில மண்டை பிளந்து கிடந்தார்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"அவருக்கும் இவருக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"வாட்சர் உங்க ஆபீசுக்கு ஒரு புகார் எழுதி வச்சிருந்தார். 'இவர் காட்டுக்கே வர்றதில்ல... மரத்தை அளக்காமலே அளந்ததா எழுதறார்'னு. அனுப்பறதுக்குள்ள ஆள் காலி!"

"பொய் சார்! அபாண்டம்!"

"உங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றார். கொலை நடந்தது நேத்து பதினொண்ணுக்கும் ஒண்ணுக்கும் நடுவுல. அப்போ எட்டு கிலோமீட்டர் தள்ளி, பதினேழாம் பிளாட்ல, அதான் உங்க ஆபீஸ் குறிச்சு வச்ச காட்டுத் துண்டுல, மரம் அளந்துட்டிருந்தாராம். அவர் அளந்து எழுதின தாள் என் கைல இருக்கு. நிஜமா அளந்திருந்தா புகாரும் பொய், கேஸும் பொய். நீங்கதான் பார்த்துச் சொல்லணும். அஞ்சு மணிக்கு அவரை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும்."

மணி மூன்று இருபது.

அவள் பதறிப்போய் பதினேழாம் பிளாட்டின் லேசர் கோப்பைத் திறந்தாள். எப்போதும் செய்வதுபோல் மரமல்லாத எதிலோ லேசர் பட்டு விழுந்த குப்பைப் புள்ளிகளை நீக்கிச் சுத்தம் செய்தாள்.

மறுபடி போன். மாமியார்!

"என் புள்ளைய கூட்டிட்டு வராம வீட்டுப் படி ஏறாத!"

"கூட்டிட்டு வரேன் அத்தை... சத்தியமா கூட்டிட்டு வரேன்!"

கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்த மனுஷன் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடித்ததில்லை. அதையும் அவள்தான் அடிப்பாள்.

இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். தொப்பி ஒரு கையில், தாள் மறு கையில். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு மண்டைல ஏர்ற மாதிரி சொல்லுங்க."

"லேசர் முதல்ல மர உச்சில படும் சார். கொஞ்சம் இலை சந்து வழியா தரையிலயும் படும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உயரம். ஆனா அதை மட்டும் நம்ப முடியாது. அதனால ஒருத்தர் காட்டுக்குள்ள போயி, நெஞ்சு உயரத்துல அடிமரத்தைச் சுத்தி டேப் போடணும். கருவி வச்சு உயரம் பார்க்கணும். அதுதான் அவர் வேலை."

"விமானம் எப்ப பறந்துச்சு?"

"போன மாசம்."

"சரி, ஆரம்பிக்கலாமா? முதல் மரம். உயரம் மீட்டர்ல, இருபத்தெட்டு புள்ளி நாலு."

அவள் திரையைப் பார்த்தாள்.

"இருபத்தெட்டு புள்ளி நாலு!"

"ரெண்டாவது... முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு."

"முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு!"

மூன்று, நாலு, அஞ்சு... எல்லாம் சரி! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அட... கடைசிப் புள்ளி வரைக்கும் ஒத்துப்போகுதே! உங்க வீட்டுக்காரர் கெட்டிக்காரர்மா!"

பன்னிரண்டாவது மரத்தில் அவள் குரல் இறங்கியது.

கடைசிப் புள்ளி வரைக்கும்...

அங்கேதான் இடித்தது! இத்தனை வருஷ வேலையில் தரை அளவும் லேசர் அளவும் இப்படி ஒட்டிப்போனதே இல்லை. காற்று அடிக்கும். உச்சி கண்ணுக்கு மறையும். மீட்டர் கணக்கில் முன்னே பின்னே வரும். வந்தால்தான் அது அளவு. வராவிட்டால் காப்பியடித்தது!

பத்து நாளைக்கு முன்பு அவர் லேப்டாப்பைக் கேட்டது நினைவுக்கு வந்தது. 'படம் பார்க்கணும், குடு' என்றார். அதில்தான் இந்த பிளாட்டின் முதல் பிரதி இருந்தது. சுத்தம் செய்யாத பிரதி.

"என்னம்மா, வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல சார்... படிங்க."

இன்னும் முப்பது மரம் தாண்டினால் புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு 'சரி... சரி...' என்று சொல்லிக்கொண்டே போனாள். நாற்பத்தொன்று வரைக்கும்.

"கடைசி மரம். நாப்பத்திரெண்டு. உயரம் அம்பத்தெட்டு மீட்டர்! சுற்றளவு ரெண்டு மீட்டர் பத்து."

திரையில் அந்த இடத்தில் வெறும் புல்!

"என்னம்மா?"

"அது... விழுந்திருக்கும் சார். போன மாசத்துக்கு முன்னாடியே."

"முன்னாடியே விழுந்த மரத்தை நேத்து எப்படிம்மா அளந்தார்?"

அவள் அந்த இடத்தை இன்னும் பெரிதாக்கிப் பார்த்தாள். புல்தான்.

"வேற பிரதி ஏதாவது இருக்கா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் தேவை. ஆனால், வாட்சருக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாளே என்று மனசுக்குள் ஏதோ முள்ளாய்க் குத்தியது. விரல் தானாக நகர்ந்தது. சுத்தம் செய்யாத முதல் பிரதி திறந்தது.

நாற்பத்தொரு மரம். அவற்றுக்கு மேலே, ஆகாயத்தில் தன்னந்தனியாக ஒரு புள்ளி. ஐம்பத்தெட்டு மீட்டர் உயரத்தில்! கீழே கிளை இல்லை. இலை இல்லை. அடிமரம் இல்லை.

"இது என்னம்மா, அந்தரத்துல நிக்குது?"

அவள் கண்ணில் நீர் கொட்டியது.

"கழுகு சார்."

"கழுகா?!"

"விமானம் போறப்ப குறுக்கால பறந்திருக்கு. அது மேல லேசர் பட்டுடுச்சு. மென்பொருள் அதையும் மரம்னு எண்ணிடும். நாங்கதான் பார்த்து நீக்குவோம். நான் இன்னிக்குத்தான் நீக்கினேன்... அவர் என் லேப்டாப்ல பார்த்தது நீக்காத பிரதி. வீட்ல உட்கார்ந்து அப்படியே எழுதிட்டார். அவர் நேத்து அந்த பிளாட்டுக்குப் போகவே இல்ல சார்!"

சொல்லிவிட்டு மேஜையில் முகம் புதைத்தாள். காப்பாற்ற வந்தவளே கொண்டுபோய் மாட்டிவிட்டாள். அழுதாள், சத்தமாகவே அழுதாள். இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் மெல்ல நகர்த்தி வைத்தார்.

பிறகு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஏட்டு.

"ஏட்டய்யா, அவர்கிட்டப் போய் 'நாப்பத்திரெண்டாவது மரம் கழுகு'ன்னு மட்டும் சொல்லுங்க. லைன்லயே இருக்கேன்."

இரண்டு நிமிஷம் கழித்து மறுமுனையில் குரல் வந்தது.

"உட்கார்ந்துட்டார் சார்! ஒத்துக்கிட்டார்! 'புகாரை அனுப்பாதேன்னு கெஞ்சினேன்... கேக்கல... ஆத்திரத்துல கல்லை எடுத்துட்டேன்'னு அழறார். வாக்குமூலம் எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க. அப்படியே இன்னொண்ணும் கேளுங்க..."

"என்ன சார்?"

"சுற்றளவு எடுக்கறப்ப கழுகு இறக்கையை மடக்கி வச்சிருந்துச்சா, விரிச்சு வச்சிருந்துச்சான்னு!"