பச்சைத் திரைக்குப் பின்னால் டிக் டிக்

எல்லோரும் சௌக்கியமா? பிரஷர், சர்க்கரை எல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறதா? மாத்திரை போடாதவர்கள் போட்டுவிட்டு வந்து உட்காருங்கள். இது மாத்திரையை மறைத்தவர்களின் கதை.

இரண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம். பாகலூர் ஜெயப்ரியாவும் அவள் அம்மா சென்னம்மாளும் ஓசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கம்பெனியில் தகடு தெறித்துக் கிழித்த தழும்பு ஜெயப்ரியாவின் கன்னத்தில் இருந்தது. ஆவணிக் கடைசியில் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் அதை எடுத்துவிட வேண்டும்.

கன்னத்துத் தழும்பு ஊருக்குத் தெரியும். நெஞ்சுக்குள் இருந்தது தெரியாது. பத்தொன்பது வயதில் பெங்களூரில் அவள் இதயத்தில் உலோக வால்வு வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை. சுற்றிலும் அமைதியாக இருந்தால் வால்வு அடிப்பது டிக் டிக் என்று வெளியிலேயே கேட்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் சென்னம்மாள் டிவியைச் சத்தமாக வைத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் இதய நோய் என்ற இடத்தில் சென்னம்மாள் 'இல்லை' என்று எழுதினாள். இங்கே சொன்னால் பாகலூர் வரைக்கும் போய்விடும் என்று பயம். பஸ்ஸிலேயே மகளுக்கும் சொல்லிவிட்டாள்.

"மூச்சு விடாத கண்ணு. கல்யாணம் முடியட்டும்."

நெஞ்சுத் தையல் தெரியாதபடி கழுத்து வரை மூடிய ரவிக்கையோடு ஜெயப்ரியா கட்டிலில் படுத்திருந்தாள். அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். அறையில் ஸ்பிரிட் வாடை. பக்கத்துக் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை.

நட்டநடு மத்தியானம் கரண்ட் போனது.

ஃபேன் மெல்ல நின்றது. அவள் நெஞ்சின் சத்தம் அவளுக்கே கேட்டது. டிக். டிக்.

அதோடு இன்னொன்று.

சற்றே மெதுவாக, திரைக்குப் பின்னாலிருந்து.

ஸ்பிரிட் வாடைக்கு மேல் ரத்தக் கவிச்சி ஏறியது.

"டாக்டர்கிட்ட சொன்னியா?" என்றது ஒரு பெண்குரல், ஈரமாக.

"இல்லக்கா."

"நானும் சொல்லல."

ஜெயப்ரியா திரையை விலக்கினாள். விரிப்பில்லாத மெத்தை. ஆளில்லை. தலையணை மட்டும் நனைந்திருந்தது.

அந்த மெதுவான டிக் டிக் நிற்கவில்லை.

வெறுங்காலோடு ஓடிப்போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார். இந்த மாத்திரையோடு முகத்தில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது, மாத்திரையை அவளாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், பெங்களூர் இதய டாக்டரின் கடிதம் இல்லாமல் தொடமாட்டேன் என்றார். நர்ஸ் தங்கமணி வாசல் வரை வந்து, அந்தக் கட்டிலில் வைகாசியில் ராயக்கோட்டைப் பெண் ஒருத்தி இதையே மறைத்துப் போய்ச் சேர்ந்தாள் என்று மெதுவாகச் சொன்னாள். திரும்பும் பஸ் முழுக்கச் சென்னம்மாளின் திட்டு.

ஆவணியில் தழும்போடுதான் ஜெயப்ரியா காபித் தட்டை எடுத்து வந்தாள். மாப்பிள்ளை மாதேஸ்வரனுக்கு ஒன்றும் தெரியாது. டிவி அலறிக்கொண்டிருந்தது.

கரண்ட் போனது.

மாதேஸ்வரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். வெறும் சுவரைச் சுற்றிப் பார்த்தான்.

"ஏங்க, உங்க வீட்டுல ரெண்டு கடிகாரம் ஓடுதா?"

சென்னம்மாள் வாயைத் திறக்குமுன், ஜெயப்ரியாவின் காதோரம் அதே ஈரக்குரல்.

"இவருகிட்ட சொன்னியா?"

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடித்தபோது அவன் எழுந்து போகவில்லை. பக்கத்தில் டிக் டிக்கும் போகவில்லை.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு சத்தம் துணைக்கு வந்ததுண்டா? மறைக்காமல் எனக்கு எழுதுங்கள்.