தண்ணீர் ஒட்டாத் திரவத்தைக் காணோம்

காலை ஒன்பது மணி. சோதனை அறையின் பூட்டைத் திறந்த வேதியியல்காரம்மா, உள்ளே காலெடுத்து வைக்காமலேயே கத்தினார்.

“கேனைக் காணோம்!”

மூலையில் நேற்றுவரை இருந்த நீலக் கேன் இல்லை. அதில் இருந்தது அவருடைய இரண்டு வருட உழைப்பு. செங்கல்லோ சிமெண்டோ துணியோ, எதில் பட்டாலும் அதன்மேல் தண்ணீரை ஒட்டவிடாத திரவம். பார்க்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாசனை கிடையாது, காய்ந்துவிட்டால் பூசிய இடமே தெரியாது.

மாலை மூன்று மணிக்குக் கட்டடப் பொறியாளர்கள் வருகிறார்கள். முற்றத்தில் கட்டிவைத்த செங்கல் சுவரில் அதைப் பூசி, தண்ணீரைப் பீய்ச்சிக் காட்ட வேண்டும். அவர்கள் தலையாட்டினால் பட்டறை பிழைக்கும். இல்லாவிட்டால் இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். புதிதாகக் காய்ச்ச ஒரு வாரமாவது பிடிக்கும்.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். குள்ளமான பெண்மணி, எதற்கும் அவசரப்படாதவர். ஜன்னல் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. இடைவெளியில் கை நுழையும், கேன் நுழையாது. பூட்டில் கீறல்கூட இல்லை.

“சாவி யார் யார்கிட்ட இருக்கு?”

“ஒண்ணு என் கைப்பையில. இன்னொண்ணு சுவர் கட்டின கொத்தனார்கிட்ட.” வேதியியல்காரம்மா குரலைத் தாழ்த்தினார். “அவரைத்தான் மேடம் விசாரிக்கணும்.”

முற்றத்தில், தான் கட்டிய சுவரில் சாய்ந்து நின்ற கொத்தனாரின் முகம் சுண்டிப்போயிருந்தது.

“நான் அந்தப் பக்கமே போகலம்மா. சந்தேகம்னா வீட்டைச் சோதிச்சுக்கோங்க.”

சோதித்தார்கள். கொத்தனார் வீடு, வேன், பொட்டலம் கட்டும் அறை என்று எங்கும் திரவம் நிறைந்த கேன் எதுவும் அகப்படவில்லை. கொல்லையில் காலிக் கேன்கள் குவிந்து கிடந்ததோடு சரி.

திரும்பி வந்தபோது, நடைபாதையில் கூட்டித் துடைக்கும் அம்மாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

“யாரைத் திட்டறீங்க?”

“இந்தத் துணியைத்தாம்மா. நேத்து நல்லா உறிஞ்சிட்டிருந்துச்சு. இன்னைக்குத் தண்ணியைத் தொடமாட்டேங்குது. இதுக்கும் ராங்கி வந்துருச்சு!”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு முன்னறைக்குப் போனார். அங்கே வேதியியல்காரம்மாவின் கணவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்து ஓவிய ஆசிரியர். எல்லாருக்கும் டிராயிங் சார். மனைவி அவரைக் கடிந்துகொண்டிருந்தார்.

“போலீஸ் வர்ற நாள்லகூட நேத்துப் போட்ட பேண்ட்டையே மாட்டிட்டு நிக்கிறீங்களே! கசங்கிக் கிடக்கு பாருங்க.” சொல்லிவிட்டுப் பொறியாளர்களுக்குப் போன் செய்ய உள்ளே போய்விட்டார்.

“சார், கொத்தனார் எப்படிப்பட்டவர்?”

“தங்கமான மனுஷன். அவர் எடுக்கவே இல்லை.”

“அப்போ வெளியாள்?”

“வெளியாளும் இல்லை. வந்து... இருக்காதுன்னு தோணுது.”

கையிலிருந்த ஆறிப்போன தேநீர் மடியில் கவிழ்ந்தது. அவர் பதறி எழுந்தார். தேநீர் முத்து முத்தாக உருண்டு கீழே விழுந்தது. பேண்ட்டில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

“அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “ஒரு வாளித் தண்ணி கிடைக்குமா?”

பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் சோதனை அறை வாசலில் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் வாளியை அப்படியே அறைத் தரையில் கவிழ்த்தார். ஓரங்களில் சிமெண்ட் தண்ணீரைக் குடித்துக் கறுத்தது. நடுவே, ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு, தரை வெளுப்பாகவே நின்றது. அதன்மேல் தண்ணீர் குண்டு குண்டாகத் திரண்டு ஓடியது.

“கேன் திருடு போகலைம்மா. இங்கேயே கொட்டிப்போச்சு. நாம எல்லாரும் நிறைஞ்ச கேனைத் தேடினோம். காலிக் கேனை யாரும் திரும்பிப் பார்க்கலை. அது கொல்லைக் குவியல்ல கிடக்கு. கொட்டினதைத் துடைச்ச துணி தண்ணி குடிக்கலை. துடைச்சவரோட பேண்ட் டீயைக் குடிக்கலை.” அவர் திரும்பினார். “கொத்தனார் எடுக்கலைன்னு அத்தனை உறுதியா சொல்ல ஒருத்தராலதான் முடியும். இல்லையா டிராயிங் சார்?”

டிராயிங் சாரின் தலை தொங்கியது.

“என் கேன்வாஸ் ஷூவுக்குப் பூச இவகிட்ட ஒரு கப் கேட்டேன். ஒரு சொட்டு கிடையாதுன்னா. நேத்து சாயங்காலம் அவ குளிக்கப் போனப்போ சாவியை எடுத்தேன். கேன் கைநழுவிடுச்சு. பாதி சாக்கடைத் துளையில போச்சு, மீதியைத் தரை குடிச்சிருச்சு. சொல்ல வாய் வரலை.”

“எங்கிட்ட என்னங்க பயம்?”

“உங்கிட்டதானே பயம்!”

“உங்க பயத்துக்கு இன்னொருத்தர் தலை குனிஞ்சு நின்னாரே சார்” என்றார் இன்ஸ்பெக்டர். அதில் சிரிப்பு இல்லை.

டிராயிங் சார் கொத்தனாரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நானும்தான் அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சிடுங்க” என்றார் வேதியியல்காரம்மா. கொத்தனார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா” என்றார் அவர். “சுவர்ல பூசினா என்ன, தரையில பூசினா என்ன? வர்றவங்களுக்கு இதையே காட்டுங்க.”

மூன்று மணிக்குப் பொறியாளர்கள் வந்தார்கள். மூத்தவர் குழாயைத் தானே வாங்கித் தரையில் பீய்ச்சினார். மண்டியிட்டுத் தடவினார். கை நனைந்தது, தரை நனையவில்லை.

“சுவர்னா தண்ணி தானா வழிஞ்சிரும். தேங்குற தரையிலேயே காட்டியிருக்கீங்களே, தைரியம்தான்! அடுத்த கட்டடத்துக்கு உங்க சரக்குதான்.”

வேதியியல்காரம்மா மூச்சுவிட்டார். அதற்குள் பொறியாளர் புருவத்தைச் சுருக்கினார்.

“ஆமா, ஓரமெல்லாம் ஏன் இப்படிக் கோணல்மாணலா இருக்கு?”

கொத்தனார் தொண்டையைச் செருமினார்.

“நம்ம டிராயிங் சார் வரைஞ்சது சார். கோடு போட்டுக்கலை, ஒரே வீச்சு.”