வேர்மானி

வேர்மானி முப்பத்தொன்று காட்டியது.

சென்னை விசா அலுவலகத்தில் அதிகாரி திரையை ஜெரோம் பக்கம் திருப்பினார். எழுபதுக்குக் குறைந்தால் தற்காலிகப் பணி விசா கிடையாது. வேலை முடிந்ததும் வந்தவர் ஊர் திரும்ப வேண்டும் என்பது அவன் போகவிருந்த நாட்டின் சட்டம். முன்பெல்லாம் நிலப்பத்திரம், குடும்ப அட்டை என்று பார்த்தார்களாம். காகிதங்கள் பொய் சொல்லின. இப்போது நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, சொந்த ஊரின் ஒலிகளைக் கேட்க வைக்கிறார்கள், வீட்டாரின் முகங்களைக் காட்டுகிறார்கள். மனம் எவ்வளவு இழுபடுகிறது என்பதை வேர்மானி அளந்துவிடுகிறது.

“மகள் இருக்காங்கன்னு சொன்னீங்க?”

“இருக்கா.”

“மெஷினுக்குத் தெரியலையே சார்.”

ஜெரோமுக்குக் கோபம் வரவில்லை. கருவி சரியாகத்தான் சொல்கிறது என்று தோன்றியது. இன்னொரு முறை சோதித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்கு ஒரு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு வேலை வேறொருவனுக்குப் போய்விடும்.

வடகடலில் ஒரு துறைமுகம். கடலடித் தகவல் வடங்களைக் காவல் காக்கும் இயந்திர மீன்களைப் பழுதுபார்க்கும் வேலை. சிபாரிசு செய்தவன் மனைவி செலினின் தம்பி ரெமி. அவன் போய் நான்கு வருடமாகிறது. போன வருடம் மார்ச்சில் செலின் இறந்தபோது அடக்கத்துக்கு வரவில்லை. ‘செய்தி கிடைத்தது. வருந்துகிறேன்’ என்று ஒரு வரி அனுப்பினான். அதிலிருந்து வீட்டில் யாரும் அவன் பெயரை எடுப்பதில்லை. ஜெரோமிடம் மட்டும் அவ்வப்போது பேசுவான்.

“வாங்க மச்சான். இங்க தூக்கம் நல்லா வரும்,” என்பான்.

ஜெரோமுக்கு அது போதுமானதாக இருந்தது.

அவன் ஊரான தூத்துக்குடியிலேயே, வேர்மானியில் எண்ணை ஏற்றக் கற்றுத்தரும் வேர்ப் பயிற்சி மையங்கள் மூன்று இருந்தன. ஜெரோம் சேர்ந்தது மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே, மாடியில். பயிற்சியாளர் கலகலப்பான மனிதர்.

“பரோட்டா சால்னாவ நினைச்சே எண்பத்தெட்டு எடுத்தவன் இருக்கான் சார். பொண்டாட்டிய நினைச்சவன் நாப்பதுல நின்னுட்டான். அதெல்லாம் அவனவன் விதி.” வகுப்பு சிரித்தது. “நடிச்சா ஏறாது. பழகினாத்தான் ஏறும். உங்களுக்கு என்ன இருக்கு?”

“ஒரு பொண்ணு. நாலு வயசு. கொழுந்தியா வீட்ல வளருறா.”

“அப்புறம் என்ன? தினமும் காலைல போயி தலை சீவி விடுங்க. அதான் உங்க வீட்டுப்பாடம்.”

செலினின் தங்கை பெனிட்டாவின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. மறுநாள் காலையில் ஜெரோம் போய் நின்றபோது மகள் ஜோவிட்டா சித்தியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

“என்ன அத்தான், வழி தெரிஞ்சிருச்சா?” என்றாள் பெனிட்டா.

அவன் வீட்டுப்பாடத்தைப் பற்றிச் சொன்னான். மறைக்கத் தோன்றவில்லை.

பெனிட்டா சீப்பைத் தேடி எடுத்து அவன் கையில் வைத்தாள். “பரீச்சைக்குப் படிக்கிற மாதிரி பிள்ளைய பாக்க வாரீங்க. சரி, படிங்க. சிக்கு எடுக்கும்போது வேர்ல பிடிச்சுக்கிடணும். இல்லன்னா அழுது ஊரையே கூட்டிருவா.”

முதல் வாரம் ஜோவிட்டா அழுதாள். அடுத்த வாரம் திட்டினாள். “சித்தி, இந்த அப்பாவுக்கு வகிடு எடுக்கத் தெரியல. வேற அப்பா இருந்தா கொண்டா.” பெனிட்டா அடுப்படியில் நின்று சிரித்தாள். ஜெரோம் வகிட்டை அழித்து மறுபடி எடுத்தான்.

அப்போதுதான் உச்சந்தலையில் இரட்டைச் சுழியைப் பார்த்தான். செலினுக்கும் அதே இடத்தில் இருந்தது. வகிடு நேராக விழாது என்று தினமும் கண்ணாடி முன் நின்று அலுத்துக்கொள்வாள்.

ரிப்பனைக் கட்டினான். வெளியே வந்தான். பேருந்தில் ஏறி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி, கடைசி நிறுத்தம்வரை போய்விட்டான். நடத்துனர் வந்து தோளைத் தொட்டு, “அண்ணாச்சி, முகம் கழுவத் தண்ணி எதுவும் வேணுமா?” என்று கேட்டார்.

மறுசோதனைக்காகச் சென்னைக்குக் கிளம்பிய அன்று பெனிட்டா வாசல்வரை வந்தாள்.

“போகணும்னா போங்க அத்தான். குறை சொல்ல மாட்டேன். பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ஆனா ரெமி மாதிரி போயிராதீங்க.”

“ரெண்டு வருசம்தான். வந்துருவேன்.”

“அவனும் அதத்தான் சொன்னான். எனக்குத்தான் போன் பண்ணி அழுதான், ஏர்ப்போர்ட்ல இருந்து. அக்காவ பாத்துக்கோ, அக்காவ பாத்துக்கோன்னு. அப்பிடி இருந்தவன்.”

இந்த முறை வேர்மானி எண்பத்துநான்கு காட்டியது.

“பிரமாதம்,” என்றார் அதிகாரி. “நீங்க கண்டிப்பா திரும்பி வருவீங்க.” விசா பதிவானது.

அடுத்த அறையில் வேலை தரும் நிறுவனத்தின் பெண் உட்கார்ந்திருந்தாள். மேசையில் பொத்தான் அளவில் ஒரு சிறு தகடு.

“இது ஏக்க அடக்கி. அங்க இறங்கினதும் காதுக்குப் பின்னால தோலுக்கடியில வைப்போம். வலிக்காது.”

“எதுக்கு?”

“சார், அரசாங்கம் ஊரை விட முடியாதவங்களாப் பாத்துத் தேர்ந்தெடுத்து எங்ககிட்ட அனுப்புது. அவங்க வந்து அழுதுட்டே உட்கார்ந்தா மீனை யாரு ரிப்பேர் பண்றது?” சிரித்தாள். “நினைவு ஒண்ணும் அழியாது. பேரு, தேதி, முகம் எல்லாம் ஞாபகம் இருக்கும். இழுக்காது, அவ்வளவுதான். நல்லா தூங்குவீங்க.”

ஒப்புதலுக்குக் கையை வைக்க வேண்டிய கண்ணாடிப் பலகை அவன் எதிரே பச்சையாக ஒளிர்ந்தது.

“ரெண்டு வருசம் முடிஞ்சதும் எடுத்துருவீங்களா?”

“நீங்க கேட்டா அன்னிக்கே எடுத்துருவோம்.”

“கேக்கலன்னா?”

“விசா தானா புதுப்பிச்சுக்கும். உங்க உடம்புல இருக்கற பொருள் சார். எடுங்கன்னு உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அது உங்க உரிமை.”

“வீட்ல உள்ளவங்க கேக்கலாமா?”

“நீங்கதான் கேட்கணும்.”

“இதுவரைக்கும் எத்தன பேரு கேட்டிருக்காங்க?”

“ஒருத்தர்கூட இல்ல,” என்றாள் பெருமையாக. “அவ்வளவு திருப்தி.”

ஜெரோம் தகட்டைப் பார்த்தான். ஓர் ஆண்டுக்கு மேல் அவன் அதை அணிந்துதான் இருந்தான், தகடு இல்லாமலே. மகள் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். பெயர், பிறந்த நாள், முகம் எல்லாம் ஞாபகம் இருந்தன. போகக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. போய்ப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வீட்டுப்பாடம் என்று ஒருவர் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றும் தோன்றியிருக்காது.

“ஒரு நிமிசம்,” என்று எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தான். ரெமியை அழைத்தான். பின்னணியில் இயந்திரங்களின் உறுமல்.

“சொல்லுங்க மச்சான். விசா வந்துட்டா?”

“ரெமி, காதுக்குப் பின்னால ஒண்ணு வச்சிருக்காங்கல்லா. அத எடுக்கச் சொல்லிக் கேளுல.”

“அதுவா? எதுக்கு மச்சான்? நல்லாத்தான இருக்கேன்.”

“செலின் செத்துட்டால, ரெமி.”

“தெரியுமே. போன வருசம் மார்ச்சு. நான் மெசேஜ்கூட அனுப்புனேம்லா.”

ஜெரோம் சுவரில் சாய்ந்துகொண்டான். “ஒரே ஒரு தடவ கேளு. எனக்காக.”

ரெமி உண்மையாகவே யோசித்தான். அவன் மூச்சுவிடுவது கேட்டது. மற்றவரை மதிக்கிறவன், எப்போதுமே அப்படித்தான்.

“கேக்கலாம் மச்சான், அதுல ஒண்ணும் இல்ல. கேக்கணும்னு தோணுச்சுன்னா கண்டிப்பா கேக்கேன்.” பிறகு உற்சாகமானான். “உங்களுக்கு ஜன்னல் பக்கம் கட்டில் சொல்லி வச்சிருக்கேன். எப்ப வாரீங்க?”

உள்ளே அந்தப் பெண் ஜெரோமின் பெயரைச் சொல்லி அழைத்தாள்.

“நான் வரல, ரெமி.”

“சரி மச்சான்,” என்றான் ரெமி.

ஏன் என்று அவன் கேட்கவில்லை.