மூன்றாவது ஓட்டக்காரி

காமினி கல்லூரித் திடலுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இன்னும் சாயவில்லை. ஆனால் வெளிச்சம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. சுமத்ராவில் காடு எரிய, அந்தப் புகை கடல் தாண்டி வந்து பினாங்கின் ஜார்ஜ்டவுனை மூடியிருந்தது. ஊரிலேயே உயரமான கொம்தார் கோபுரம்கூடக் கண்ணில் படவில்லை. பள்ளி, கல்லூரி எல்லாவற்றுக்கும் விடுமுறை. ஈர விறகு புகைவது போன்ற வாடை முகக்கவசத்துக்குள்ளும் வந்து தொண்டையில் உட்கார்ந்தது.

திடலைப் படம் பிடிக்கத்தான் அவள் வந்தாள். அந்தச் சிறிய கல்லூரி தன் ஓட்டப்பந்தயக் குழுவை இந்த ஆண்டோடு கலைக்கிறது. திடல் இருக்கும் இடத்தில் அடுக்குமாடி எழப்போகிறது. கடைசிப் பயிற்சியாளர் என்ற முறையில் குழுவின் வரலாற்றைக் கல்லூரி ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுக்கும் வேலை காமினியின் தலையில் விழுந்தது.

வரலாறு நன்றாகத்தான் தொடங்கியது. அறிவியல் ஆசிரியர் ஒருவர் சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்து, வெறுங்காலோடு பிள்ளைகளை ஓடவிட்டு உருவாக்கிய குழு. மாநிலப் பதக்கங்கள் வந்தன. பெண்களின் அஞ்சல் ஓட்டக் குழு, அதாவது ரிலே குழு என்றால் பெர்லிஸ் மாநிலம் வரைக்கும் பெயர் தெரியும். பிறகு தொண்ணூறுகளின் கடைசியில், இதே போன்ற ஒரு புகைமூட்டத்துக்குப் பின், அஞ்சல் ஓட்டமே நின்றுபோனது. ஏன் என்று கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் குழுவில் நான்காவதாக ஓடிய ஹமீதா இப்போது சூலியா தெருப் பக்கம் நாசி கண்டார் சோற்றுக்கடை நடத்துகிறார். காமினி அன்று மதியம் அவரைப் போய்ப் பார்த்திருந்தாள். கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த ஹமீதா, பழைய குழுப் பட்டியலில் மூன்றாவதாக இருந்த ரமணி என்ற பெயரைக் கேட்டதும் அடுப்பைத் தணித்தார்.

"அன்னிக்கு வெறும் டிரெய்னிங்தான்மா. மூணாவது சுத்து ரமணி ஓடுனா. எட்டு வச்சு ஓடிப் புகைக்குள்ள போனா, அவ்வளவுதான். நான் கோட்டுல கைய பின்னால நீட்டிக்கிட்டு நிக்கிறேன். ரிலேல திரும்பிப் பாக்கக் கூடாதுல்ல? நின்னேன், நின்னேன்... வரவே இல்ல."

"தேடலையாக்கா?"

"கூப்பிட்டுப் பாத்தோம். பின் கேட்டு வழியா ஹாஸ்டலுக்குப் போயிருப்பான்னு கோச்சு சொன்னாரு. அவ ஹாஸ்டல்ல தனி ரூம். ரப்பர் தோட்டத்துல இருந்து வந்த பொண்ணு, அப்பா அம்மா இல்ல. வரலையேன்னு கேக்க ஒரு ஆளு இல்லம்மா. காலைலதான் அந்த மூலை வளைவுல கிடந்தத பாத்தாங்க. ஆஸ்துமா. கைமாத்துற பேட்டன கையில இருந்து பிரிக்கவே முடியலயாம்."

ஹமீதா குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கப்புறம் அங்க கோட்டுல யாரு நின்னாலும் பின்னால மூச்சிரைக்கும். அதான் ரிலேவே வேணாம்னு விட்டுட்டாங்க. நீ தனியா போவாதலா."

காமினி போனாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஹமீதா சொன்னதில் ஒன்று அவளை அறுத்துக்கொண்டே இருந்தது. வரலையே என்று கேட்க ஒரு ஆள் இல்லை. அம்மா தாசேக் கெலுகோரில் இறந்த பிறகு காமினிக்கும் யாருமில்லை. சென்ற ஆண்டு டெங்கிக் காய்ச்சலில் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுத் தரையில் அவள் மயங்கிக் கிடந்தது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

திடலில் தூரத்து வளைவு தெரியவில்லை. அவள் இரண்டு படங்கள் எடுத்தாள். இரண்டிலும் வெறும் வெள்ளை.

அப்போதுதான் கேட்டது.

சரளையில் காலடி.

சீரான ஓட்டம். மூலை வளைவில் தொடங்கி, புகைக்குள்ளேயே நேர்ப்பாதைக்குத் திரும்பியது. பயிற்சியாளரின் காது அவளுக்கு. ஓடுவது பெண், எடை குறைவு, மூச்சு கெட்டுப்போயிருக்கிறது என்று அவளால் சொல்ல முடிந்தது.

மூச்சு விசிலடித்தது.

ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தாள். கால்கள் அவளைக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தின. முகத்தை முன்னால் திருப்பிக்கொண்டு வலக்கையைப் பின்னால் நீட்டினாள். 

காலடி நெருங்கியது.

பிடரியில் மூச்சு பட்டது. குளிர்ந்த மூச்சு.

"வா ரமணி," என்றாள் காமினி, தனக்கே கேட்காத குரலில். "நான் இருக்கேன். குடு."

உள்ளங்கையில் ஏதோ வந்து அழுந்தியது. கூடவே விரல்கள். ஈரமான, ஐஸ் போன்ற விரல்கள், பிடியை விட மனமில்லாமல் ஒரு கணம் அவள் கையைப் பற்றியிருந்தன.

பிறகு விட்டன.

காமினி ஓடினாள். முழங்கால் வலிக்க, புகை நெஞ்சை எரிக்க, அந்த மூலை வளைவையும் கடந்து முழுச் சுற்றும் ஓடினாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. கோட்டைத் தாண்டி மண்டியிட்டு விழுந்தபோது கையில் எதுவும் இல்லை. உள்ளங்கை மட்டும் மரத்துப்போயிருந்தது.

"முடிஞ்சிருச்சு," என்றாள் மூச்சு வாங்க. "ரேஸ் முடிஞ்சிருச்சு, ரமணி. நீ வீட்டுக்குப் போ."

 திடல் வெறிச்சென்று கிடந்தது. அவள் அழுதாள். அழுது முடித்தபோது மனம் லேசாகியிருந்தது.

அன்றிரவு மழை கொட்டியது. காலையில் வானம் வெளுத்து, கொம்தார் மறுபடி தெரிந்தது. காமினி குப்பையைப் போட வெளியே வந்தபோது கீழ்மாடியில் குடியிருக்கும் மர்ஜானா படியில் ஒரு காலிக் கண்ணாடிக் குவளையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"எந்தப் பொண்ணு?"

"உங்க ஸ்டூடண்டுதானே? நேத்து சாயங்காலம் நீங்க மேல போன பின்னாடி, இந்தப் படியில உக்காந்து மூச்சு வாங்கிட்டிருந்துச்சு. லிப்டு இருக்கேன்னேன்.  தண்ணி குடுத்தேன். எங்க போறேம்மான்னு கேட்டேன்." மர்ஜானா சிரித்தாள். "வீட்டுக்குப் போறேன், அக்கா போகச் சொன்னாங்கன்னுச்சு."

மர்ஜானா குவளையோடு இறங்கிப் போய்விட்டாள். காமினி படியிலேயே நின்றாள். ரமணிக்குப் போக எந்த வீடு இருந்தது என்று நேற்று அவள் யோசிக்கவே இல்லை.

அவள் வீட்டுக் கதவு பாதி திறந்து கிடந்தது. ஓடிப்போய்ச் சாத்த வேண்டும், பூட்ட வேண்டும் என்று தோன்றியது. தன்னை எதிர்பார்த்து அந்த வீட்டுக்குள் யாரும் இருந்து எத்தனையோ காலமாகிறது என்பதும் தோன்றியது.

அவள் அசையவில்லை.

உள்ளே, சாப்பாட்டு மேசைப் பக்கம், யாரோ நாற்காலியை மெல்ல இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.