உச்சியைக் காணோம்

வெம்பக்கோட்டையிலிருந்து பார்த்தால் மேற்கே மலை ஒரு நீலக்கோடு மாதிரிதான் தெரியும். ஆறாம் வகுப்பு வேல்விழி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கு நடப்பாள். கல் தடுக்கி விழுந்தும் இருக்கிறாள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பள்ளி வேன் அவளை அந்த மலையடிக்கே கூட்டி வந்துவிட்டது. செண்பகத்தோப்பில் இறங்கியவள் தலையை நிமிர்த்தினாள். நிமிர்த்திக்கொண்டே போனாள். பச்சைப் பசேலென்ற மலைகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, பாறைத் தலையோடு ஓர் உச்சி.

“அம்மாடி! எம்புட்டு உசரம்!”

“அங்கன நிக்கணும்னா இப்பவும் ஸ்வெட்டர் வேணும்,” என்றார் கற்பகவல்லி டீச்சர். “கேரளாப் பக்கமிருந்து வர்ற மேகம் அந்த உச்சியில முட்டி மழையைக் கொட்டிரும். நமக்கு வெறுங்காத்துதான் மிச்சம்.”

“ஒரு வாளிகூட மிச்சம் வைக்காதா டீச்சர்?” என்று பிரபாகரன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள்.

ஓடைக்கரை மரநிழலில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். “யாரும் இறங்கக்கூடாது” என்று சொல்லிவிட்டு டீச்சர் வேனிலிருந்து தண்ணீர் கேன் எடுக்கப் போனார். அவர் தலை மறைந்ததுதான் தாமதம், பிரபாகரன் ஓடை நடுவே இருந்த பாறையில் ஏறிச் சம்மணம் போட்டுவிட்டான்.

“இது என் மலைலே!”

வேல்விழி அண்ணாந்து பார்த்தாள். உச்சியைக் காணோம்! கருமேகம் அதை முழுசாக விழுங்கியிருந்தது.

அவளுக்குத் திக்கென்றது. ஊரில் ஒரு சொட்டு விழாத நாளிலும், மேற்கே மலை இப்படி மறைந்தால் அப்பா வறண்ட ஆற்றுக்குள் மேயும் ஆடுகளைக் கரையேற்றிவிடுவார். இங்கேயோ மலை தலைக்கு மேலேயே நிற்கிறது.

“ஏலே பிரபாகரா, கரைக்கு வாலே! வெள்ளம் வரும்!”

“வெயிலு மண்டையப் பிளக்குது. வெள்ளமாம்ல, வெள்ளம்!”

அவன் அசையவில்லை. ஆனால் ஓடைத் தண்ணீர் கலங்கிச் சிவந்துகொண்டிருந்தது. சருகுகள் மிதந்து வந்தன. இனி வாதாட நேரமில்லை. வேல்விழி பையிலிருந்த பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள்.

“சாத்தூர் சேவு! தீரப்போகுது! யாருக்கு வேணும்?”

பிரபாகரன் பாறையிலிருந்து ஒரே தாவு. தண்ணீர் சிதறச் சிதற ஓடி வந்து கரையேறினான். ஒரு கை சேவை வாயில் போட்டவனை அவள் இன்னும் மேலே இழுத்துப் போனாள்.

மலைக்குள்ளிருந்து லோடு லாரி வருவதுபோல் ஓர் உறுமல் கேட்டது. செந்தண்ணீர் மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு பாய்ந்தது. பாறை இருந்த இடமே தெரியவில்லை.

பிரபாகரன் வாயிலிருந்த சேவை மெல்ல மறந்துபோய் நின்றான்.

ஓடி வந்த டீச்சர் இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். “உனக்கு எப்படித் தாயி தெரிஞ்சது?”

“உச்சியக் காணோம் டீச்சர். அதான்.”

வெள்ளம் தணிந்தபோது மேகமும் விலகியது. குளித்து எழுந்ததுபோல் உச்சி பளபளத்தது. காலையில் இல்லாத அருவிகள் பாறையெங்கும் வெள்ளி நூலாக இறங்கின. வகுப்பே தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டு நின்றது.

திரும்பும் வேனில் மலைப்பக்க ஜன்னலுக்கு ஒரே தள்ளுமுள்ளு. முந்தி ஓடி இடம் பிடித்தவன் பிரபாகரன்தான். வேல்விழி ஏறியதும் எழுந்து நின்றான்.

“நீ உக்காரு பிள்ள. நான் நின்னுக்கிட்டே பாக்கேன்.”