சீட்டில் எழுதிக் கொடுத்தது

வேலை முடிந்து வந்து அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மகளின் அறைக்குள் யாரோ இருமினார்கள். மகளின் இருமல் இல்லை. நெஞ்சுக்குள்ளேயே அமுக்கிக்கொண்ட, பெரியவர்களின் இருமல்.

மனைவி செத்து எட்டு மாதம்.

மழைக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் ஈரத்துணி வாடையும் காலையில் தீய்ந்த பாலின் வாடையும் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்தன. சுவருக்குள் ஓடிய குழாயில் மேல்மாடித் தண்ணீர் தொண்டையைக் கனைப்பதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. குழாய்தான் என்று முடிவுகட்டினான். குழாய்க்கெல்லாம் பயப்படுகிற ஆளாகிவிட்டோமே என்று தன்னையே மட்டமாக நினைத்துக்கொண்டான்.

யாரைப் பற்றியும் அவனுக்கு இப்போது நல்ல அபிப்பிராயம் கிடையாது. துக்கம் கேட்க வந்தவர்கள் சோபாவில் சாய்ந்துகொண்டு டிவி எத்தனை இஞ்ச் என்று விசாரித்தார்கள். கீழ்த்தளத்தில் இருக்கும் அக்கா, மகளுக்கு அத்தை, மாலை வரை இங்கே வந்து அவளைப் பார்த்துக்கொள்கிறவள், பார்த்துக்கொள்வதோடு நிற்காமல் புத்தியும் சொன்னாள். மனைவியின் கம்ப்யூட்டரை விற்கப்போகிறான் என்று தெரிந்ததும் மாடியேறி வந்துவிட்டாள்.

"டேய், உள்ள இருக்கறதை முழுசா அழிச்சிட்டுக் குடு. இல்லன்னா டிஸ்க்கைக் கழட்டி வச்சுக்க."

"அதுல என்னக்கா, அணுகுண்டு ரகசியமா இருக்கு? பாப்பாவுக்கு அவ சொன்ன கரடிக் கதையைத் திருடி எவன் கோடீஸ்வரன் ஆகப்போறான்?"

"உனக்கு எல்லாமே நக்கல்."

அழிக்கவேண்டுமானால் திறக்கவேண்டும். திறந்தால் திரையில் அவள் முகம் வரும். அதை அக்காவிடம் சொல்வதைவிட நக்கலடிப்பது சுலபமாக இருந்தது.

வாங்க வந்தவன் கண்ணாடிபோலத் துடைத்த பழுப்பு ஷூ போட்டிருந்தான். அதைத் தவிர அவனிடம் பார்க்க ஒன்றும் இல்லை. நனைந்த கோழிபோலத் தோளை ஒடுக்கிக்கொண்டு வாசலில் நின்றான். பேரம்கூடப் பேசவில்லை.

"பாஸ்வேர்டு மட்டும் சார்..."

இவன் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான். மனைவி எல்லாவற்றுக்கும் வைத்திருந்த அந்த ஒரே பாஸ்வேர்டு. "அழிக்கறது உங்க வேலை."

"கண்டிப்பா சார்." பழுப்பு ஷூக்காரன் அவனைத் தாண்டி உள்ளே பார்த்தான். "உங்க பாப்பாவா?"

கதவைச் சாத்தியதும் வாய்விட்டே சொன்னான்: "மண்ணாந்தை."

போன மாதம் அது.

மறுபடியும் இருமல். இந்த முறை, அதற்கு முன்னால் ஒரு சொல்லும் கேட்டது. "அப்புறம்..."

மகளின் அலமாரிமேல் உள்ளங்கையளவு ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்த நாட்களில் மனைவி தன் கம்ப்யூட்டரிலிருந்து அதன்வழியாகத்தான் மகளோடு பேசுவாள், பதிவு செய்த கதைகளைப் போட்டுவிடுவாள். பதிவு செய்தவன் அவன்தான். மூன்று கதைகள். கடைசிக் கதையில் 'அப்புறம்' என்ற இடத்தில் இருமினாள். இருமிய வேகத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில் கிறீச்சிட்டது. "போதும் தூங்குமூஞ்சி, நிறுத்து" என்றாள். நிறுத்தினான். அவளைத் தவிர யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

எட்டு மாதமாக ஊமையாகக் கிடந்த ஸ்பீக்கரில் இப்போது பச்சை விளக்கு எரிந்தது. கீழே சம்மணமிட்டு உட்கார்ந்து மகள் கலர் பேனாக்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"சிட்டு, இது எப்பலேருந்து பேசுது?"

"தினமும்தான்." நிமிரவில்லை. "அத்தைகிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க அம்மா."

"கதை சொல்றாங்களா?"

"கதையும் சொல்வாங்க. கேள்வியும் கேப்பாங்க."

"என்ன கேள்வி?"

"நீங்க எப்ப வருவீங்க. அத்தை எப்ப போவாங்க. தாழ்ப்பாள் எனக்கு எட்டுமா."

குழாயில் தண்ணீர் நின்றுபோயிருந்தது.

"நீ என்ன சொன்னே?"

"ஸ்டூல் போட்டா எட்டும்னு."

"சிட்டு," என்றது ஸ்பீக்கர். அவள் குரல். அவளுடைய 'ட்டு'வின் அந்த அழுத்தம். "அப்பா வந்தாச்சா? அப்புறம்..." இருமல். கட்டிலின் கிறீச்.

அதே இருமல். அதே நீளம். அதே கட்டில்.

ஆனால் இந்தக் கேள்வியை அவன் பதிவு செய்ததே இல்லை.

ஒயரைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது. அந்த நனைந்த கோழி. அந்த ஷூத் துடைக்கிற பயல். பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனான், போன் அங்கே இருந்தது. விற்றபோது வந்த எண்ணைத் தேடினான். பேரைப் பதிந்துவைக்கவில்லை. மண்ணாந்தைக்குப் பேர் எதற்கு என்று விட்டிருந்தான்.

எண் கிடைத்தது. அழுத்தினான்.

வெளியே மாடிப்படியில் ஒரு போன் அதிர்ந்தது. யாரோ அதை உடனே அமுக்கினார்கள்.

கூடத்தில் ஸ்டூல் இழுபடும் சத்தம்.

"சிட்டு!"

ஓடினான். ஸ்டூல்மேல் மகள். நுனிக்காலில். கை தாழ்ப்பாளில்.

"அம்மா வெளியில நிக்கறாங்கப்பா, கூப்பிடறாங்க."

தாழ்ப்பாள் விலகியது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதில் பழுப்பாய் இரண்டு ஷூ முனைகள். துடைத்தவை. இத்தனை மழையிலும் ஒரு சொட்டு ஈரமில்லாதவை.

"போதும் தூங்குமூஞ்சி," என்றது கதவுக்கு வெளியே அவள் குரல்.

இருமல்.

மாடிப்படியில் ஆஸ்பத்திரிக் கட்டில் கிறீச்சிட்டது. கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.