நண்பகல் வாட்டம்

காலையில் தண்ணீர் ஊற்றிய தக்காளிச் செடி உச்சிவெயிலில் தலை தொங்கி நின்றது. இலையில் மஞ்சள் இல்லை, புழு இல்லை, பச்சையாகவே துவண்டிருந்தது. நன்சம்பா மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். மாலையானதும் ஒன்றுமே நடக்காததுபோலச் செடி நிமிர்ந்துகொண்டது. அதுதான் அவளை உறுத்தியது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு நல்வோகா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் தக்காளி பகல்ல தூங்கி ராத்திரி முழிக்குதா? என் வீட்டுக்காரரு மாதிரியே இருக்கே!"

"விளையாடாதீங்க அக்கா. இன்னிக்குக் கத்தரியும் சாஞ்சிடுச்சு."

நல்வோகாவின் சிரிப்பு நின்றது. "தண்டை வெட்டி டம்ளர் தண்ணியில தொங்க விடு. வெள்ளையா நூல் எறங்குச்சுன்னா வாடல் நோய். மருந்தே கிடையாது, வேரோட பிடுங்கி எரிக்கணும். கத்தியை நெருப்புல காட்ட மறந்துடாதே. இல்லேன்னா அடுத்த செடிக்கு நீயே கொண்டுபோய்க் கொடுத்துடுவே."

நன்சம்பா வெட்டித் தொங்கவிட்டாள். வெட்டுவாயிலிருந்து பால்போல ஓர் இழை, தலைகீழாக எழும் புகையைப் போல, மெல்ல நீருக்குள் இறங்கியது. மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தவளை உள்ளே குழந்தையின் அழுகை உலுக்கியது. அடுப்பில் மத்தோக்கே வாழைக்காய் வேகக் காத்திருந்தது. மூலை வாழைக்கு ஓடி, பானையை மூட இரண்டு இலை அறுத்துக்கொண்டு வந்தாள். மூடிய பிறகுதான் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். அதில் தக்காளித் தண்டின் பச்சை வாசனை.

கத்தி நெருப்பைக் கண்டிருக்கவில்லை.

இரண்டு மாதங்களுக்கு முன் மகன் கிகுண்டு பிறந்தபோது, அவனுடைய நஞ்சுக்கொடியை மாமியார் புதைத்தது அந்த வாழையடியில்தான். "இது பிள்ளையோட கூடப்பிறந்தது. இதுக்கு ஒண்ணுன்னா அவனுக்கும் ஒண்ணு. எந்த வாழைன்னு வெளியாளுக்கு மூச்சு விடாதே."

நான்காம் நாள் நண்பகலில் வாழையிலைகள் பச்சையாகவே தொங்கின. அதே நேரம், தோளில் கிடந்த குழந்தையின் கழுத்தும் துவண்டது. காய்ச்சல் இல்லை. உடம்பு மண்போலக் குளிர்ந்திருந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, முறை வந்து உள்ளே போவதற்குள் மாலையாகிவிட்டது. அவன் காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தானேம்மா இருக்கான்? தலைச்சன் பிள்ளையா? அதான் பயம்," என்றாள் நர்ஸ்.

மறுநாள் நண்பகல். அவன் மீண்டும் துவண்டான். வெந்நீர் பட்டால் தெளிவான் என்று பேசினில் உட்காரவைத்து, கழுத்தைத் தாங்கிப் பிடித்தாள். அறையில் ஈரமண் வாசனை. ஜன்னல் சாத்தியிருந்தும்.

தொப்.

தோட்டத்தில் மண்வெட்டி விழும் சத்தம்.

"யாரு?"

"நான்தான்டி!" நல்வோகாவின் குரல். "மூலை வாழைக்கும் நோய் வந்திடுச்சு. கைப்பிள்ளையோட நீ எங்க தோண்டப்போறே? பாதி வேர் வந்தாச்சு, நீ பிள்ளையைக் குளிப்பாட்டு!"

கத்த வேண்டும். வேண்டாம் அக்கா என்று கத்த வேண்டும். ஆனால் அவள் கண் பேசின் நீரில் நிலைத்துவிட்டது.

என்றோ ஆறிப்போன தொப்புளிலிருந்து ஓர் இழை. வெள்ளையாக. மெல்ல.

தொப்.

இழை தடித்தது.

தொப்.

பேசின் முழுக்கப் பால் நிறம். உடம்பு தெரியவில்லை. முகம் மட்டும் மேலே, அவளையே பார்த்தபடி.